பழைய டிராக்டரை ரோட்டில் ஏற்றுமுன்: சமயபுரம் வட்டார விவசாயிகளுக்குச் சில குறிப்புகள்

மண்ணச்சநல்லூர், இருங்களூர், சிறுகனூர், லால்குடி என்று சமயபுரத்தைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், ஏதாவது ஒரு கொட்டகையில் பழைய மேஸி பெர்குசனோ, மகிந்திரா பி-275ஓ, ஃபோர்டு 3600ஓ நிற்கும். பேட்டரி நன்றாக இருந்தால் இன்றைக்கும் ஓடும். வீடு ஓர் ஊரில், வயல் இன்னோர் ஊரில் என்பதால் அதை ரோட்டில் ஏற்றாமல் வெள்ளாமை நடக்காது. குறுக்கே கிடப்பதோ திருச்சி–சென்னை நான்குவழிச் சாலை. இன்ஜினுக்கும் பெயின்ட்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிற நம் ஆட்கள் ஆர்.சி. புத்தகத்தையும் டிரெய்லரின் பின்பக்கத்தையும் திரும்பிப் பார்ப்பதில்லை. போலீஸ் பிடிப்பது முதலாவதற்காக, உயிர் போவது இரண்டாவதால். அதனால் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

1. முதலில் ஆர்.சி.யில் உள்ள தேதியைப் பாருங்கள். விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்லாத வகையில் வருவதால் முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாக எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பித்துக்கொள்ளலாம். "பத்து வருஷமான டிராக்டரை உடைக்கச் சொல்லிட்டாங்க" என்று ஒரு வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அப்படி எதுவும் கிடையாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே 2023இல் விளக்கம் கொடுத்துவிட்டது. வண்டி கிழடாக இருப்பது குற்றமில்லை, ஆர்.சி. காலாவதியாகிக் கிடப்பதுதான் குற்றம். புதுப்பிக்கப் படிவம் 25. தேதி முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

2. தேதி முடிந்த வண்டியை ஓட்டினால் பதிவு செய்யாத வண்டியை ஓட்டியதாகவே கணக்கு. முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. "நம்ம வயலுக்குள்ளதானே ஓட்டுறோம்" என்ற சமாதானமும் செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு பொது இடத்தை மட்டும் சொல்லவில்லை, வேறு எந்த இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. வயலுக்குள் வந்து யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

3. அப்பா பெயரில் இருந்த வண்டி, அப்பா காலமாகிவிட்டார் என்றால் உடனே கவனிக்க வேண்டியது இது. இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவலும், வண்டியை நீங்கள் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்ற விவரமும் எழுத்தில் கொடுத்துவிட்டால், மூன்று மாதம் வரை உங்கள் வண்டி போலவே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பங்காளிகளுக்குள் பாகம் பிரிகிறவரை காத்திருக்கலாம் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். பாகம் பிரியப் பத்து வருஷம் ஆகும், அதற்குள் இன்சூரன்ஸ் எடுப்பது வரை எல்லாமே சிக்கலாகிவிடும்.

4. கூட்டுறவு வங்கியிலோ நிலவள வங்கியிலோ கடன் வாங்கி எடுத்த வண்டியானால், கடனைக் கட்டி முடித்து இருபது வருஷம் ஆகியிருந்தாலும் ஆர்.சி.யில் எச்.பி. என்ற கடன் குறிப்பு அப்படியே நிற்கும். வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்குங்கள். வாங்கிய கிளை இன்னொரு கிளையோடு சேர்ந்து போயிருந்தால் பாஸ்புக்கையும் கடைசித் தவணை ரசீதையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

5. புதுப்பிக்கும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைத் தேடுவார். பழைய வண்டியில் அதன்மேல் மூன்று நான்கு அடுக்குப் பெயின்ட்டும், அதன்மேல் கிரீஸும், அதன்மேல் வயல் சேறும் காய்ந்திருக்கும். முந்தின நாளே மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த இடத்தில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சேறும் கிரீஸும் போய்விடும். பெயின்ட் மிச்சமிருந்தால் பெயின்ட் ரிமூவர் தடவி எடுங்கள். கிரைண்டரையோ முரட்டு உப்புத்தாளையோ கிட்டே கொண்டு போகாதீர்கள். ஓர் இலக்கம் மழுங்கினால்கூட எண்ணை அழித்ததாகச் சந்தேகம் வரும், அதை விளக்கிச் சொல்லி முடிக்க உங்களால் ஆகாது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துப் பாருங்கள். எல்லா இலக்கமும் தெளிவாக விழுந்தால் சரி.

6. பழைய இன்ஜினைக் கழற்றி வேறு வண்டி இன்ஜினை மாட்டியிருந்தால் ஆர்.சி.யிலும் அது ஏற வேண்டும். பழைய சாமான் கடையில் இன்ஜின் பிளாக் எடுப்பதானால் பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

7. டிராக்டருக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். வெறும் எடை 7,500 கிலோவுக்குள் உள்ள டிராக்டர் இலகுரக வாகனத்தில் அடங்கும். நம் பழைய டிராக்டர்கள் எல்லாம் இரண்டு, இரண்டரை டன்னுக்குள் அடங்குபவை. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும். இந்த எடைவரம்பை உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் சொல்லி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் உறுதி செய்திருக்கிறது. ஆனால் பதினாறு வயதுப் பையன் "எனக்கு எல்லா கியரும் தெரியும் மாமா" என்றால் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 18 ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது ஆகிறவரை லைசென்ஸ் கிடைக்காது.

8. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏற வேண்டாம். அபராதம் 2,000 ரூபாய்தான், அதைப் பார்த்து இளக்காரமாக நினைக்கிறவர்கள் உண்டு. விபத்து நடந்து ஒருவர் இறந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். பாலிசி இல்லையென்றால் அது உங்கள் நிலத்தைத் தேடித்தான் வரும். பாலிசி எடுக்கும்போது டிரெய்லரின் பதிவு எண்ணும் அதில் ஏறியிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். டிராக்டருக்கு மட்டும் எடுத்துவிட்டு டிரெய்லரை விட்டுவிடுவது இங்கே சர்வ சாதாரணம்.

9. டிரெய்லருக்கு டிராக்டரைப் போலவே தனிப் பதிவு எண் உண்டு. அந்த எண் டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதை இழுக்கும் டிராக்டரின் எண் டிரெய்லரின் பின்பக்கம் தெரிய வேண்டும். 61ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். நடைமுறையில் பின்பலகையில் "அம்மன் துணை"யும் பிள்ளைகள் பெயரும்தான் இருக்கின்றன. அம்மனை அழிக்க வேண்டாம், பக்கத்தில் எண்ணுக்கும் இடம் விடுங்கள். இரண்டு டிராக்டருக்கு ஒரே டிரெய்லரை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள், கழற்றி மாட்டும்படி இரண்டு தகடு செய்துகொள்ளலாம். கலப்பை, ரோட்டோவேட்டர் போன்ற கருவிகளுக்குத் தனிப் பதிவு தேவையில்லை.

10. காகிதங்களை டூல் பாக்ஸில் வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் கிரீஸும் தண்ணீரும் சேர்ந்து கூழாகிவிடும். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ ஏற்றிவைத்தால் போனில் காட்டினாலே சட்டப்படி செல்லும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் குறியீடு: ஸ்ரீரங்கம் டி.என். 48, திருச்சி மேற்கு 45, கிழக்கு 81. உங்கள் ஆர்.சி.யில் எந்த அலுவலகம் என்று பார்த்து அங்கேயே போங்கள். 1989க்கு முந்தைய பழைய வரிசை எண் உள்ள வண்டி என்றால், ஆன்லைனில் பதிவு ஏறியிருக்கிறதா என்று முதலில் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. விவசாயத்துக்கு என்று பதிவு செய்த டிராக்டரில் வாடகைக்குச் செங்கல், ஜல்லி அடித்தால் அது வேறு கணக்கு. அந்த லோடோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அது ஒன்றே போதும்.

12. கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறாதீர்கள். நாற்றங்காலிலிருந்து அடுத்த வயலுக்குப் போக இருநூறு அடி ரோடுதானே என்று தோன்றும். அந்த இருநூறு அடியிலும் இரும்புப் பற்கள் பதிந்த தடம் விழும், அடுத்த மழைக்கு அங்கே குழி, அதில் விழுவது உங்கள் ஊர்ப் பையனின் டூவீலர். ரோட்டில் ஓடும் மோட்டார் வாகனத்துக்குக் காற்றடைத்த டயர் வேண்டும் என்பதுதான் விதி. சேற்றுழவுப் பருவம் வந்தால் அபராதம் போடுவோம் என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிவிப்பதும், அதை யாரும் படிக்காததும் ஆண்டுதோறும் நடப்பவை. கேஜ் வீலைக் கழற்றி டிரெய்லரில் போட்டுக்கொண்டு போய் வயல் முனையில் மாட்டுங்கள். இரண்டு ஆள், ஒரு ஜாக்கி, கொஞ்ச நேர வேலை.

13. பிரேக் பெடல் விஷயம் ஓட்டத் தெரிந்தவர்களே கோட்டைவிடுவது. டிராக்டரில் வலச் சக்கரத்துக்கு ஒன்று, இடச் சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல். உழும்போது முனையில் திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்போம். ரோட்டில் அவசரத்துக்கு அப்படி ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்று கவிழும். அதற்காகத்தான் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி ஒன்று பெடலிலேயே இருக்கிறது. பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து ஒடிந்து விழுந்திருக்கும், யாரும் தேடியிருக்க மாட்டார்கள். பட்டறையில் இரும்புப் பட்டையில் அதே அளவுக்குச் செய்து கொடுப்பார்கள். கயிறு கட்டி ஒப்பேற்ற வேண்டாம். பூட்டிய பிறகு ஆளில்லாத நேரான இடத்தில் மெதுவாக ஓட்டி ஒரே மிதியாக மிதித்துப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கைச் சரிசெய்த பிறகுதான் ரோடு.

14. டிரெய்லர் மாட்டும் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் தேய்ந்து இடுப்பு ஒடுங்கினாற்போல இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பின்னின் அடியில் குத்தும் கொக்கிப்பின் தொலைந்துபோய், அதற்குப் பதில் நாலங்குல ஆணியை வளைத்துச் செருகியிருப்பது பாதி வண்டிகளில் காணும் காட்சி. ஒரு பள்ளத்தில் குதித்தால் ஆணி நிமிர்ந்து விழும், அடுத்த பள்ளத்தில் பின் எகிறும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு தடித்த சங்கிலியையும் தளர்வாகக் கோத்துவிட்டால், பின் போனாலும் டிரெய்லர் தனியே ஓடாது.

15. பழைய டிரெய்லர்களுக்குப் பிரேக் கிடையாது. கொள்ளிடம் பாலத்து இறக்கத்திலோ மேம்பாலத்திலோ இறங்கும்போது லோடு பின்னாலிருந்து தள்ளும். நியூட்ரலில் விடுவதும் கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் தற்கொலைக்குச் சமம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

16. கலப்பையையோ ரோட்டோவேட்டரையோ மாட்டிக்கொண்டு போகும்போது பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். கருவியைத் தூக்கிவிட்டு ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாமல் சங்கிலியும் போடுங்கள். பக்கவாட்டில் ஆடாதபடி செக் செயினை இறுக்குங்கள். சட்டிக் கலப்பையின் ஓரமும் கொக்கிக் கலப்பையின் கொழுவும் டூவீலரில் வருகிறவரின் முழங்கால் உயரத்தில் இருக்கும். பழைய சாக்கைச் சுற்றிக் கட்டி, முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். வண்டியின் உடலைத் தாண்டி பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவுக்கு மேல் லோடு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

17. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: டிரெய்லரின் பின்பக்கத்துக்கு வெளிச்சம். நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு, முன்னே 20 கிலோமீட்டரில் போகும் இருட்டுப் பெட்டி கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். பின்னால் இரண்டு மூலையிலும் சிவப்பு விளக்கு, பலகை முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளிபிரதிபலிப்பு ஸ்டிக்கர், பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. சேறு படிந்த ஸ்டிக்கர் இருந்தும் இல்லாத மாதிரிதான், ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். டைனமோ சரியில்லாத வண்டி என்றால் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்குக்கு அதிகச் செலவாகாது. மெதுவாகப் போகும் வண்டிக்கு என்றே ஆரஞ்சு நிற முக்கோணம், சுற்றிலும் சிவப்பு விளிம்பு என்று ஓர் அடையாளத்தை அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். அங்கே அது பழக்கமாகிவிட்டது. இங்கே ஒரு தகரத்தில் அதை வரைந்து மாட்டிக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. டயர் பஞ்சரானால் ரோட்டோரம் நிறுத்திக் கல்லை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள், சரிசெய்து கிளம்பும்போது கல்லை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

18. சமயபுரம் சுங்கச்சாவடியில் டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் கட்டணம் கிடையாது, 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளிலேயே இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் டிராக்டர் பிரதான சாலையில் ஏறக் கூடாது. நால்ரோடு பக்கம் சர்வீஸ் ரோட்டை விட்டுவிட்டு நடுப்பாதையில் போனால் தப்பு உங்கள் பேரில்தான் விழும். எதிர்த்திசையில் ஓட்டி அரைக் கிலோமீட்டர் மிச்சம் பிடிக்கிற வழக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

19. நம் ஊருக்கே உரிய ஒரு குறிப்பு. சமயபுரம் கோயிலில் மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதிலிருந்து சித்திரைத் தேர் வரை, பிறகு ஆடி வெள்ளிகள், தைப்பூசம் என்று சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். விடிகாலை மூன்று மணிக்கும் நடப்பார்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள், களைத்துப்போனால் ரோட்டோரமே படுப்பார்கள். டிராக்டர் ஓட்ட நமக்கு மிச்சமிருப்பதும் அதே ஓரம்தான். அந்த நாட்களில் ராத்திரியும் விடிகாலையும் வண்டியை எடுக்காதீர்கள். ஞாயிறு, செவ்வாய், வெள்ளியில் காலை பத்து மணிக்குப் பிறகுகூட ச.கண்ணனூருக்குள் நுழைவது கஷ்டம். வேறு வழியில்லை என்றால் நன்றாக விடிந்த பிறகு, முன்னால் ஓர் ஆளை டூவீலரில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

20. வண்டிக்குப் பூஜை போடக் கோயிலுக்குக் கொண்டுவருகிறவர்கள், திரும்பும்போது மாலையையும் வாழைக்கன்றையும் ஹெட்லைட், நம்பர் பிளேட் மேலிருந்து எடுத்துவிடுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாளும் அப்படியே. சந்தனப் பொட்டு எண்ணின் மேல் விழக் கூடாது.

21. மட்கார்டில் உட்கார்ந்து போவதை நிறுத்துங்கள். டிராக்டரில் ஓட்டுநரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்று சாலை விதிமுறைகளே சொல்லிவிட்டன. நடவுக்குப் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப் போவதும் இதே ரகம். ஷேர் ஆட்டோ வாடகையை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்கிறோம்.

22. லால்குடி ரயில் பாதையில் எந்த கேட்டாக இருந்தாலும், ஏறுவதற்கு முன்பே குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்ற வேண்டாம். கருவி நன்றாகத் தூக்கியிருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

23. ஓடாத வண்டியை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுப்பதற்கும் விதி உண்டு. இரண்டுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டீரிங்கில் உட்கார வேண்டும், அது இழுத்துச் செல்லப்படுகிறது என்று பின்னால் எழுதித் தொங்கவிட வேண்டும். இழுக்கிற சங்கிலியை டிராபாரில் மட்டுமே மாட்டுங்கள். டாப் லிங்க்கிலோ அச்சுக்கு மேலேயோ மாட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுகிறவர்மேலேயே மல்லாந்து விழும். சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும்போதும் வாய்க்கால் கரை ஏறும்போதும் நடக்கிற சாவுகளுக்கு முக்கியக் காரணம் வண்டி இப்படி மல்லாந்து விழுவதுதான்.

24. ஆர்.சி. காலாவதி, பிரேக் இல்லை, டயர் வெடிப்பு என்ற நிலையில் உள்ள வண்டிக்கு லாரிதான் சட்டப்படியான வழி. லாரியில் ஏற்றிவிட்டால் அது வெறும் சரக்கு. நான்கு மூலையிலும் சங்கிலி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கியரில் போட்டு ஹேண்ட்பிரேக். நிமிர்ந்து நிற்கும் சைலன்சரைக் கழற்றிவிடுங்கள். அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டியும் லாரியில்தான் வர வேண்டும். டயர் வண்டி தானாக ஓடி வரலாம், ஆனால் முன்னால் உள்ள கட்டர் பாரைக் கழற்றித் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் அகலத்துக்கு நம் கிராமத்து ரோட்டில் எதிரே ஒரு சைக்கிள்கூட ஒதுங்க முடியாது.

25. வைக்கோல் லோடு ஏற்றினால் போகிற வழியில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி எங்கெங்கே என்று வெறும் வண்டியில் ஒரு முறை போய்ப் பாருங்கள். கம்பியைக் கழியால் தூக்கிவிடும் வேலை வேண்டாம். மின்னகம் 94987 94987, சொன்னால் பதிவு செய்துகொள்வார்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

26. ஆண்டுக்கு நாலு நாள் உழவுக்காகப் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வயலுக்குக் கிழட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போகத்தான் வேண்டுமா என்றும் ஒரு தரம் கணக்குப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் அரசு வாடகையில் தருகிறது. உழவன் செயலியிலும் இ-வாடகையிலும் பதிவு செய்யலாம். பருவத்தில் நெருக்கடி இருக்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

27. கடைசியில் எடைக்குப் போடுகிற நாள் வந்தால், வண்டியை மட்டும் அனுப்பிவிட்டு ஆர்.சி.யை பீரோவில் வைத்துக்கொள்ளாதீர்கள். பயன்படாமல் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது 55ஆம் பிரிவு. சேஸிஸ் எண் உள்ள துண்டை வெட்டி எடுத்துப் படமும் எடுத்து வைத்துக்கொண்டால், அந்த எண்ணில் வேறொரு வண்டி எங்காவது ஓடினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது.